பெல்ட் போட்டும் நிற்காத சத்தம்

வண்டிகளுக்கு ஒயரிங் செட் செய்யும் ஓசூர் கம்பெனி ஒன்றில் நான் டெஸ்டிங்கில் இருக்கிறேன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கரண்ட் போகாத ஒயரை அங்கே ‘ஓப்பன்’ என்போம். வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் வேலைக்கு வருகிறவளையும் எங்கள் லைனில் அப்படித்தான் சொல்வோம். "இவ இன்னிக்கி ஓப்பன், கிட்ட போவாதீங்க." போன வருஷம் பத்து நாள் நான் ஓப்பனாக இருந்தேன்.

காரணம் எங்கள் கார். என் கணவர் தினமும் அதில் அத்திப்பள்ளி தாண்டி வேலைக்குப் போகிறவர். ஒருநாள் காலையில் காரின் ஸ்பீக்கரில் அவர் என்னோடு போன் பேசிக்கொண்டிருக்கும்போதே, பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் மணி பின்னால் அடித்தது.

"பெல்ட் போடலையா?"

"போட்டுத்தாம்மா இருக்கறன். அதுபாட்டுக்கு அடிக்குது."

நான் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் அவர் நெற்றியில் இருக்கிறது. முன்பெல்லாம் பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் மாட்டிவிட்டு அதன்மேல் சாய்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவார். சத்தமும் வராது, நெஞ்சும் இறுக்காது. சூளகிரி அருகே முன்னால் போன லாரி திடீரென்று நின்றபோது ஸ்டியரிங்கில் முட்டித் தையல் போட வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, இனிமேல் ஒழுங்காகப் போடுகிறேன் என்றார். எனக்கு அந்த வார்த்தைதான் பெரிது. அதையும் மீறினால் இந்த மனுஷனை வேறு எதில் நம்புவது?

அன்று சாயங்காலம் வாசலில் காரை நிறுத்தி பெல்ட்டைப் போட்டுக் காட்டினார். மணி அடிக்கவில்லை. "ரோட்ல போகும்போதுதான் அடிக்குது," என்றார். எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. நான் பார்க்கும்போது மட்டும் சரியாகிவிடுகிற கோளாறா? சோறு போட்டேன், பேச்சை நிறுத்தினேன். அடுத்தடுத்த நாட்களிலும் அவரே போன் செய்தார், பின்னால் மணி கேட்டது. நான் கேட்காமலே ஒவ்வொரு முறையும் அதே பதிலைச் சொன்னார், குரலைக்கூட உயர்த்தாமல். அந்தப் பொறுமையையும் நான் குற்றம் செய்தவனின் பொறுமையாகவே எடுத்துக்கொண்டேன்.

வேடிக்கை என்னவென்றால், சும்மா இருக்கும்போது சரியாக இருந்து, குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும் கோளாறு என் அன்றாடச் சோறு. ஒயரை ஆட்டிப் பார்க்காமல் ‘ஓகே’ சீட்டு ஒட்டாதே என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறவளே நான்தான். என் புருஷன் விஷயத்தில் ஆட்டியும் பார்க்காமல் ‘ரிஜெக்ட்’ சீட்டை ஒட்டிவிட்டேன்.

பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பொய்யைக் கையும் களவுமாகப் பிடிக்கும் எண்ணத்தில்தான், ஒயரில் தொடர்பு இருந்தால் பீப் அடிக்கும் மீட்டரை எடுத்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றிச் சற்று நேரம் விட்டேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருந்த மஞ்சள் கனெக்டர் ஏர்பேக்குக்குப் போவது, அதில் கை வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த சின்ன கனெக்டர், பெல்ட்டைச் செருகும் பூட்டிலிருந்து வருவது. பெல்ட் மாட்டியதும் அதன் இரண்டு ஒயருக்கும் தொடர்பு உண்டாக வேண்டும். அதைக் கழற்றி மீட்டரை வைத்து, பெல்ட்டைச் செருகினேன். மீட்டர் பீப் என்றது. பூட்டைப் பிடித்து ஆட்டினேன். பீப் நின்றது. விட்டேன், வந்தது. மறுபடி ஆட்டினேன், நின்றது. பெல்ட் மாட்டியபடியேதான் இருந்தது.

பூட்டின் வாய்க்குள் டார்ச் அடித்தேன். உள்ளே சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. குங்குமம், அடியில் சந்தனம்.

வைத்தது நான். ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் மெஷின் மெஷினாகப் பொட்டு வைத்துவிட்டு வந்து, வீட்டில் காருக்கும் வைத்தேன். ஸ்டியரிங்குக்கும் டயருக்கும் முன்னால், முதல் பொட்டு அந்தப் பூட்டுக்குத்தான். அவர் உயிரைக் காப்பாற்றப் போவது அதுதானே என்று வேண்டிக்கொண்டு, தண்ணீராய்க் கரைத்த சந்தனத்தைத் தாராளமாக வைத்தேன். அது வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. பூஜை முடிந்த மறுநாளிலிருந்துதான் மணி.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "சாமியே மணி அடிச்சிருக்குது," என்றார். பூட்டையே புதிதாக மாற்ற வேண்டும் என்றேன்.

"யாராவது மெக்கானிக்குகிட்ட காட்டியிருக்கலாமில்லைங்க?" பழியில் கொஞ்சத்தையாவது அவர் பக்கம் தள்ளப் பார்க்கும் புத்தி அப்போதும் போகவில்லை.

"காட்டினன். அத்திப்பள்ளில ஒருத்தர் சீட்டுக்கடியில பாத்துட்டு, ‘ஒயர் ஜாயின் மாடிபிடோணா சார்’னு கன்னடத்துல கேட்டாரு, ஒயர ஒண்ணா சேத்துடலாமான்னு. ரெண்டையும் சேத்து முறுக்கிட்டா சத்தமே வராதாம். ரெண்டு நிமிச வேலை. வேணாம்னுட்டன்."

"ஏன்? என்கிட்ட திட்டு வாங்காம இருந்திருக்கலாமே."

"அப்புறம் பெல்ட் போட்டாலும் சத்தம் வராது, போடாட்டியும் வராது. நான் போட்டுருக்கறன்னு நீ எத வெச்சு நம்புவ?"

நீங்க சொன்னத வெச்சு என்று சொல்லியிருக்க வேண்டியவள் நான். டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.