பிஸ்கட் டின்னும் இரண்டு பேட்டரியும்

போன ஞாயிறு தஞ்சோங் காராங்கில் ஒரு கல்யாணம். மண்டபத்து ஒலிபெருக்கி "ம்ம்ம்" என்று மாடு மாதிரி முனகிக்கொண்டே இருந்தது. விலை உயர்ந்த சாமான், பார்த்துக்கொள்ளப் படித்த ஆட்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆறாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு இதே முனகலை அடக்கியவன் நான். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். உண்மையைத்தானே சொல்கிறேன்.

எங்கள் தோட்டம் கோலா சிலாங்கூருக்கு வடக்கே. கோயில் திருவிழாவுக்கு அப்போது ஏழு வருசமாக மைக் செட் என் பொறுப்பு. மைக்கில் வரும் சின்னக் குரலைத் தூக்கி ஆம்பிளிஃபயருக்குக் கொடுக்கும் பிரீ-ஆம்பை நானே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் செய்திருந்தேன். ஈயம் உருகும் வாசனை இன்றைக்கும் எனக்கு மல்லிகைப்பூதான். வீட்டுக்காரி ஒப்புக்கொள்ள மாட்டாள். ஆனால் தோட்டத்து ஜெனரேட்டர் கரண்டில் அந்த டின் முனகும். உபயக்காரர் பெயரை வாசித்தால் பாதி பெயர், பாதி முனகல்.

தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ராமையாதான் கோயில் தலைவர். அவர் ஒருநாள் சொல்லிவிட்டார்: "இந்த வருசமும் வண்டு கத்துச்சுன்னா டவுன்ல இருந்து வேற ஆளக் கூப்பிட்டுக்குவேன் தம்பி. கோவிச்சுக்காத."

கோபம் என்ன கோபம்? மானப் பிரச்சினை. கரண்டே வேண்டாம், டின்னைப் பேட்டரியில் ஓட்டுவோம் என்று முடிவு செய்தேன். சார்ஜ் ஏறுகிற பேட்டரி என்றால் அப்போது எங்களுக்குக் கிடைத்தது மோட்டார் சைக்கிள் பேட்டரிதான். ஒன்று ஆறு வோல்ட். எனக்கு வேண்டியது பன்னிரண்டு. என் வண்டியில் ஒன்றைக் கழற்றினேன், கூட்டாளி சுப்ரா வண்டியில் இன்னொன்று.

"பேட்டரி எரிஞ்சுச்சுன்னா ஒன்னத்தான் வண்டி தள்ளச் சொல்லுவேன்லா," என்றான் சுப்ரா.

மூன்று நாள் இரண்டு பேரும் ஹாரன் இல்லாமல், வளைவுக்கு வளைவு "ஓய்! ஓய்!" என்று கத்திக்கொண்டே செம்பனை மரங்களுக்குள் வண்டி ஓட்டினோம்.

திருவிழா சாயங்காலம். லயத்து வரிசை வீடுகளில் இருந்த சனம் முழுக்கக் கோயில் முன்னால். சுவிட்சைப் போட்டேன். முனகல் முன்னைவிடப் பெரிசாக வந்தது!

"வண்டு குட்டி போட்டுருச்சு டோய்!" என்று கூட்டத்தில் ஒரு குரல்.

குனிந்து பார்த்தால், பாதியில் பேட்டரி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில், ஜெனரேட்டர் கரண்டில் ஓடும் சார்ஜரைக் கழற்றாமலே விட்டிருக்கிறேன். எந்தக் கரண்டு வேண்டாம் என்றேனோ அது பின்வாசல் வழியாக வந்து உட்கார்ந்திருக்கிறது. சார்ஜர் கிளிப் இரண்டையும் பிடுங்கினேன்.

சத்தமே இல்லை. ஒரு முனகல், ஒரு இரைச்சல், ஒன்றும் இல்லை.

மைக் செத்துப்போச்சு என்று நினைத்துக்கொண்டார் மண்டோர். பக்கத்தில் நின்ற செயலாளரிடம் திரும்பி மெதுவாக, "இவன நம்புனேன் பாரு... டவுன்காரனுக்குப் போன் போடுய்யா," என்றார். மைக் அவர் கையில். அந்த முணுமுணுப்பு கண்ணாடி மாதிரி சுத்தமாகக் கடைசி லயம் வரைக்கும் போனது.

அப்புறம் சனம் சிரித்த சிரிப்பு! மண்டோரும் சிரித்துவிட்டார். "சரி சரி, போன் வேணாம்," என்றதையும் மைக்கிலேயே சொன்னார்.

அன்றைக்கு உபயக்காரர் பெயர் ஒவ்வொன்றும் முழுசாகக் கேட்டது. தன் பெயர் வந்ததும் ஒரு கிழவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

இப்போது அங்கே இரும்பு கேட் போட்ட இரட்டை மாடி வீடுகள். லயம் இல்லை, ஜெனரேட்டர் கொட்டகை இல்லை, மண்டோரும் இல்லை. கடைசித் திருவிழா வரைக்கும் மைக் என் கையில்தான் இருந்தது. எனக்குப் பதிலாக வேறு ஆள் வரவே இல்லை. தோட்டம்தான் முதலில் போனது.