மாடியில் சாவடி, படிக்கட்டில் விசாரணை

லிஃப்ட் மெக்கானிக்கை ஊரே ‘ஆட்சேபணை’ என்றுதான் கூப்பிட்டது. லிஃப்ட் ரிப்பேர் பிழைப்பு. எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளராகத் தேர்தல் அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்பது மூச்சு. சின்னம் மங்கலாக அச்சாகியிருக்கிறது, பெட்டி வைக்கும் அறை ஜன்னலுக்குக் கம்பி இல்லை என்று எதற்காவது மனு கொடுப்பார். பெரும்பாலும் தோற்பார். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாது. அவருக்கு மீசையே கிடையாது.

அந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர் கொடுத்தது ஒரே மனு. பள்ளிக்கூடத்தின் முதல் மாடியில் இருக்கும் வாக்குச்சாவடியைக் கீழே இறக்க வேண்டும். காரணம் அவர் மனைவி. போன தேர்தலில் முழங்கால் வலியோடு பாதிப் படி ஏறி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, ஓட்டுப் போடாமலே திரும்பினாள். வீடு வரும்வரை வாய் திறக்கவில்லை. அவரோடு அவள் பேசாமல் நடந்து வந்தது அந்த ஒரு நாள்தான்.

தேர்தல் அதிகாரி மனுவை முழுதாகப் படிக்கவில்லை.

“வயசானவங்க ஓட்டு உங்க கட்சிக்கு விழும். அதுக்குத்தானே இந்த ஏற்பாடு?”

“முழங்காலுக்கு ஏது சார் கட்சி?”

“ஏற முடியாதவங்க யாருன்னு ஆளைக் கூட்டிட்டு வாங்க. பார்க்கலாம்.”

மறுநாள் மனைவியை அழைத்து வந்தார். தேர்தல் அலுவலகமும் முதல் மாடியில்தான். லிஃப்ட் நின்று மாதக்கணக்காகியிருந்தது. அவளைப் படிக்கட்டின் அடியில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டு மேலே போனார்.

“ஆள் வந்தாச்சு சார்.”

“எங்கே?”

“கீழே.”

“மேல வரச் சொல்லுங்க. விசாரணை இங்கதான்.”

“மேல வர முடிஞ்சா என் மனுவே பொய்யாயிடுமே சார்.”

அதிகாரி பேனாவை மூடினார். “நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே? சரி பண்ணிக் கூட்டிட்டு வாங்க.”

“இதைச் சரி பண்ணா பள்ளிக்கூடத்துல லிஃப்ட் முளைச்சுடுமா?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு. அதிகாரி வேறு வழியில்லாமல் இறங்கினார்.

“ஏம்மா, உங்களை அனுப்பினது இவரு கட்சியா?”

அவள் முகத்தைச் சுளித்தாள். “இவரு கட்சியா? ஆளுங்கட்சில நிக்கிறது எங்கண்ணன். என் ஓட்டு என்னைக்கும் எங்கண்ணனுக்குத்தான். இவரே நின்னாலும் இவருக்குப் போட மாட்டேன்.”

அதிகாரி ஆட்சேபணை பக்கம் திரும்பினார். “உங்களுக்கு எதிரா விழப்போற ஓட்டுக்கா இத்தனை சண்டை?”

“ஓட்டு எங்க வேணா விழட்டும் சார். இவ படியில விழாம இருந்தா போதும்.”

சாயங்காலமே உத்தரவு வந்தது. சாவடி கீழே இறங்கியது. “சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டாரு” என்று கட்சிக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். மச்சான் ஜெயித்தார். அன்று வீட்டுக்கு வந்தவரிடம், “உங்க ஓட்டுல ஒண்ணு நான் இறக்கிவெச்சது, மச்சான். மறந்துடாதீங்க” என்றார் ஆட்சேபணை.

அடுத்த தேர்தலுக்கு அவர் இல்லை. இதயம் நின்றுவிட்டது. வேலைக்குப் போகும் வழியில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல்.

அவள் தனியாகப் போனாள். சாவடி கீழேதான் இருந்தது. வாசலில் மட்டும் இரண்டு படிகள், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. ஏறாமல் அங்கேயே நின்று, உள்ளே இருந்த அலுவலரைக் கூப்பிட்டாள்.

“இங்க ஒரு கைப்பிடி வைக்கணும். ஆட்சேபணைன்னு எழுதிக்குங்க.”

“எந்தக் கட்சி சார்பாம்மா?”

“கட்சி இல்ல. எங்க வீட்டுக்காரர் சார்பா.”