தூதர் வந்த நாளில் சூலக்கரை நேர்காணலுக்குப் போன கதை

போன மாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை சிவகாசியிலிருந்து சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் வந்தேன். அந்தப் பக்கம் நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு இது உதவும்.

என் அக்கா மகள் முருகேஸ்வரி பட்டாசுக் கம்பெனியில் மருந்து அடைக்கும் அறையில் பதிமூன்று வருடம் இருந்தவள். போன சீசனில் பக்கத்து அறை வெடித்ததிலிருந்து, உள்ளே நுழையவே பயமாக இருக்கிறது என்றாள். அலுவலக உதவியாளர் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் பதினொரு மணிக்கு. வயது வரம்பு அந்த மாதத்தோடு முடிகிறது, இதை விட்டால் திரும்பவும் மருந்து அறைதான். காரியாபட்டியில் இருக்கும் என்னைத் துணைக்கு சிவகாசிக்கு வரச் சொன்னாள். எனக்குத் தெரியாத ஆபீஸ் இந்த ஜில்லாவில் கிடையாது என்பது குடும்பத்துக்கே தெரிந்த விஷயம்.

கிளம்பும்போது சான்றிதழ் ஃபைலை பிளாஸ்டிக் கவரில் போட்டாள். நான் விடவில்லை.

"கத்தரிக்கா வாங்கவா போற? கம்பெனிப் பைய எடு. பேரு கொட்டை எழுத்துல இருக்கு, மதிப்பா இருக்கும்."

"அது தினமும் வேலைக்குக் கொண்டு போற பை மாமா."

"அதனாலதான் சொல்றேன்."

காலை எட்டேகாலுக்கு பஸ். தலைக்கு முப்பது ரூபாய், இருபத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். ஒன்பதே காலுக்கு விருதுநகரில் இறங்கி இட்லி சாப்பிட்டோம். சூலக்கரைக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். நூற்றைம்பது கேட்டவரை நான் பேசிய பேச்சில் குறைத்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஆபீஸ் வாசல்கிட்ட நிப்பாட்ட விட மாட்டாக," என்றார் ஆட்டோக்காரர். "ஏதோ வெளிநாட்டுத் தூதர் வாராராம். கறுப்புச் சட்டைக்காரக துப்பாக்கியோட நிக்காக. இங்கனயே இறங்கி நடந்துருங்க."

நடந்தோம். வாசலில் ஐம்பது பேர் நின்றார்கள், நூறாகக்கூட இருக்கலாம். தூதர்களையும் மந்திரிகளையும் காப்பதற்கென்றே தனிப்பயிற்சி பெற்ற படை. கொசு மூக்கில் உட்கார்ந்தாலும் இமைக்க மாட்டார்கள். அவர்களோடு ஒரு மோப்ப நாய், கன்றுக்குட்டி உயரம். எங்கள் பையை மோந்தது. குரைக்கவில்லை, சாதுவாக உட்கார்ந்தது. அதுதான் ஆபத்தாம். வெடிமருந்து வாசம் பிடித்தால் உட்காரத்தான் பழக்கியிருக்கிறார்கள். நாலு துப்பாக்கி எங்கள் பக்கம் திரும்பியது.

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். ஃபைலைத் தவிர ஒன்றுமில்லை. ஃபைலை மோந்தும் நாய் உட்கார்ந்தது.

"ஏம்மா, இது உள்ள போகாது," என்றார் அவர்களின் அதிகாரி. மணி பத்து இருபது.

நான் மெட்ராஸ் வரை எனக்குள்ள செல்வாக்கை எடுத்துச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. முருகேஸ்வரி என்னை நகர்த்திவிட்டு முன்னால் போனாள்.

"சார், நான் பட்டாசு வேலைக்காரி. எங்க ஊர்ல யாரு பைய மோந்தாலும் இது உக்காரத்தான் செய்யும். ஃபைல நீங்களே வச்சுக்கோங்க. காயிதத்த ஒவ்வொன்னா தரையில வைக்கேன். எதுக்கு உக்காரலயோ, அத மட்டும் எடுத்துட்டுப் போறேன்."

அதிகாரி யோசித்துவிட்டுத் தலையாட்டினார். ஏழு காகிதத்தையும் வரிசையாகப் பரப்பி, காற்றில் பறக்காமல் கல் வைத்தாள். நாய் நடந்தது. அழைப்புக் கடிதம், பத்தாம் வகுப்பு மார்க்ஷீட், சாதிச் சான்று, எல்லாவற்றையும் தாண்டியது. ஏழாவதில் உட்கார்ந்தது. மருந்து அறை அலமாரியிலேயே கிடந்த, கம்பெனி கொடுத்த அனுபவச் சான்று.

"இது இல்லாமலே போறேன்," என்றாள். பெண் போலீஸ் ஒருவர் அவளைச் சோதித்து அனுப்பியபோது மணி பத்து ஐம்பது. பைக்குப் பிணையாக என்னை உட்கார வைத்தார்கள். தூதருக்கு முன்னால் போனது இரண்டு ஜீப். எனக்கு ஆறு துப்பாக்கிக் காவல்.

பதினொன்றரைக்கு அதிகாரியின் கைப்பேசி அடித்தது. அனுபவச் சான்று எங்கே என்று உள்ளே கேட்டிருக்கிறார்கள். வாசலில் நாய் பிடித்து வைத்திருக்கிறது என்று இவள் சொல்லியிருக்கிறாள். நம்பாமல் கூப்பிட்டுக் கேட்கிறார்கள்.

அதிகாரி காகிதத்தை எடுத்துப் படித்தார். "ஆமா சார், இங்கதான் இருக்கு. பதிமூணு வருஷம்னு போட்டிருக்கு. உண்மையான்னு கேட்டா, எங்க நாயே உக்காந்து காட்டிருச்சு சார்."

போனுக்குள் சிரிப்புச் சத்தம் எனக்கே கேட்டது.

நீங்கள் போவதாக இருந்தால், வேலைக்குக் கொண்டு போகும் பை, செருப்பு, டிபன் தூக்கு எதுவும் வேண்டாம். சான்றிதழை வீட்டுப் பீரோவில் வையுங்கள். பெரிய ஆட்கள் வரும் நாளா என்று முதல் நாளே விசாரித்துவிட்டு, ஒன்றரை மணி நேரம் முன்னால் போங்கள். கறுப்புச் சட்டைக்காரர்களிடம் செல்வாக்குப் பேசிப் பயனில்லை, உள்ளதைச் சொன்னால் கேட்கிறார்கள்.

உள்ளே போனதும் எந்த அறை என்று தடுமாறினால், முதல் மாடிப் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் முருகேஸ்வரியைக் கேளுங்கள். கூடவே வந்து காட்டுவாள்.