குதிரையில் இறங்கி வந்தவள்

போடிக்கு மேலே ஏலக்காட்டில் குடியிருந்த எங்களுக்குப் பாதை என்றால் ஒன்றே ஒன்றுதான். குரங்கணியிலிருந்து மலைமேல் ஏறுகிற ஒற்றையடிப் பாதை. ஆள் நடப்பதும் அதில்தான், அரிசி மூட்டையோடு மட்டக்குதிரை ஏறுவதும் அதில்தான். சைக்கிளை மேலே வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்துவிட்டு, இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் பின்னால் ஒரு மரக்கிளையைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிற சூரர்களுக்கும் அதுதான். இத்தனை பேர் போய்வந்தும் வழிவிடுவதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. தலைச்சுமையோடு வருகிறவருக்கு மற்றவர்கள் ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்டேட் துரையின் குதிரையே ஒதுங்கி நிற்கும்.

அந்தச் சுமைக்காரர்கள் தாங்களே ஒதுங்குவது ஒருத்திக்கு மட்டும்தான். குதிரைமேல் உட்கார்ந்து இறங்கி வருகிற பிள்ளைத்தாய்ச்சிக்கு. மற்றபடி எங்கள் மலையில் பொம்பளை யாரும் குதிரை ஏற மாட்டாள்; ஏறினால் காலில் என்ன கேடு என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். மாசமாக இருக்கிறவளைத்தான் அப்படிக் கீழே கொண்டுபோவார்கள். அவளைக் கண்டால் மலைப்பக்கம் ஒட்டி நின்று, கையில் இருக்கிற எதையாவது அவள் மடியில் போட்டு அனுப்புவது வழக்கம்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கல்யாணமாகிப் பல வருஷம் ஓடியும் எனக்கு ஒரு புழு பூச்சி தங்கவில்லை. என் வீட்டுக்காரர் ஏலக்காய் காயவைக்கிற ஸ்டோரில் மேஸ்திரி. மாமியார் கீழே போடியில் இருந்தார். அவர் ஆள் விட்டிருந்தார், ரெண்டு பேரும் உடனே இறங்கி வர வேண்டும் என்று. எதற்கென்று எனக்குத் தெரியாதா? பக்கத்து ஊரான தேவாரத்தில் மாமியாருடைய அண்ணன் மகள் ஒருத்தி இருந்தாள். அவளை இவருக்கு இரண்டாவதாகக் கட்டிவைக்கிற பேச்சு. அது கூடாது என்று சட்டம் வந்திருந்தது, வாஸ்தவம்தான். எங்கள் தெருவில் சட்டத்தை யார் மதித்தார்கள்? வரட்டும், ஒரு கை பார்த்துவிடலாம் என்று நானும் நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன்.

கிளம்புகிற அன்று பார்த்து ஓடையில் பாசி வழுக்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொண்டது. ஊன்ற முடியவில்லை. என் வீட்டுக்காரர் எஸ்டேட்டில் கேட்டு ஒரு மட்டக்குதிரையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“நான் ஏற மாட்டேன். பாக்குறவுக என்ன நெனப்பாக?”

“அப்ப ஒன்னையத் தோள்ல தூக்கிட்டா போகச் சொல்ற? வெரசா ஏறு.”

ஏறினேன். வேறு என்ன செய்ய? அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

இரண்டு வளைவு தாண்டவில்லை, சுமையோடு ஏறி வந்த பொம்பளைகள் எதிர்ப்பட்டார்கள். என்னைப் பார்த்ததும் முன்னால் வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். “அடி ஆத்தீ! மேஸ்திரி சம்சாரமா? எத்தன வருசங் கழிச்சு!” என்று கத்தினாள். எல்லாரும் மலைப்பக்கம் ஒட்டிக்கொண்டார்கள். கழுத்து நரம்பு புடைக்கிற சுமையோடு அவர்கள் எனக்காக ஒதுங்கி நின்றார்கள். என் உடம்பெல்லாம் கூசியது. ஒருத்தி நெல்லிக்காய் போட்டாள், ஒருத்தி புளியம்பழம். கடைசியில் நின்றவளிடம் ஒன்றும் இல்லை. மடியிலிருந்த வெற்றிலையில் பாதியைக் கிள்ளிப் போட்டாள். “அண்ணே, அப்பனாகப் போறீக, பாத்து மெதுவா நடத்திக் கூட்டிட்டுப் போங்க” என்றாள்.

அவர் சொல்லிவிடுவார் என்று பார்த்தேன். ஆள் வாயே திறக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தார்.

“ஏங்க, காலுன்னு சொல்ல வேண்டியதுதான? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“போகட்டும் விடு.”

என்ன போகட்டும்? எனக்கு வந்த ஆத்திரத்துக்குக் குதிரையிலிருந்து குதித்திருப்பேன், கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால். அப்போது பின்னால் சரசரவென்று கிளை இழுபடுகிற சத்தம். எஸ்டேட் தபால் கொண்டுபோகிறவர் சைக்கிளில் இறங்கி வந்தார். அந்தப் பொம்பளைகள் அவரிடமும் சொல்லியாயிற்று போலிருக்கிறது. எங்களைத் தாண்டும்போதே, “மேஸ்திரி, அம்மாகிட்ட நானே போய்ச் சொல்லிர்றேன்! எனக்கு ஒரு வேட்டி எடுத்து வச்சிருங்க!” என்று கத்தினார்.

“அண்ணே, நில்லுங்க! அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்ல!” என்று நானும் கத்தினேன். நான் வெட்கப்படுகிறேன் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே வளைவில் மறைந்துவிட்டார். மட்டக்குதிரையை வைத்துக்கொண்டு அவரைப் பிடிக்க முடியுமா? பொய் முன்னால் போய்க்கொண்டிருந்தது. நான் பின்னால் மெல்ல ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தேன். அந்த இறக்கம் முழுக்க வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. தப்பு ஒன்றும் செய்யாதவளுக்கு இவ்வளவு வெட்கம் வருமா என்றால், வரும்.

போடியில் எங்கள் தெரு திரும்பினதுமே தெரிந்தது. வாசலில் கூட்டம். நடுவில் என் மாமியார், கையில் ஆரத்தித் தட்டு. என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனுஷி, முகமெல்லாம் பல்லாக நின்றார். நான் இறங்கப்போக, “பாத்து ஆத்தா, பாத்து!” என்று ஓடி வந்தார். இனியும் பொறுத்தால் தட்டைச் சுற்றிவிடுவார்.

“அத்தே, சுத்தாதீக. வயித்துல ஒண்ணுமில்ல. காலு சுளுக்கு, அதான் குதிரையில வந்தேன்.”

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அத்தை தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனார். செத்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு. சுவரைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி நானும் உள்ளே போனேன்.

குதிரையைக் கட்டிவிட்டு அவர் வந்ததும் அத்தை கேட்டார். “அவ பொம்பள, கூச்சப்பட்டா. நீ கூடத்தானடா வந்த? தபால்காரன்ட்ட இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன? பெத்தவள இப்பிடித் தெருவுல நிறுத்திட்டியே!”

அவர் என்னைப் பார்க்கவில்லை. தலைத்துண்டை அவிழ்த்து உதறி, மறுபடியும் மடித்தார்.

“இல்லன்னு சொல்லத்தாம்மா நெனச்சேன்,” என்றார். “அப்பனாகப் போறீகன்னு சொன்னாக. கேக்க நல்லா இருந்துச்சு.”

ஏலக்காட்டில் இத்தனை வருஷம் இவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன். பிள்ளை இல்லையே என்று ஒரு நாள் இந்த மனுஷர் முகம் சுளித்ததில்லை. அவருக்கு அந்தக் குறையே கிடையாது, இது எனக்கும் என் மாமியாருக்கும் நடக்கிற சண்டை என்றே நம்பியிருந்தேன். அன்றைக்கு வழியெல்லாம் பட்ட வெட்கம் ஒன்றுமே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு வந்ததுதான் வெட்கம். தீட்டி வைத்திருந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

அடுப்படியில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தேன். பிறகு அங்கிருந்தே சொன்னேன்.

“அத்தே, பொண்ணு கேட்டுத் தேவாரத்துக்கு ஆள் விடுங்க.”

அவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். அத்தையும் பார்த்தார். என்னை அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானேதான் சொன்னேன்.