ஆறாவது நிபந்தனை

கல்யாணமான இரண்டாம் வருடம் நுவரெலியா டவுனில் வாடகைக்கு வீடு பார்த்தோம். நான் அங்கே ஆட்டோ ஓட்டுகிறேன். மனைவி, உறுதிப் பத்திரமும் உடன்படிக்கையும் எழுதும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் டைப் அடிக்கிறாள். அதுவரை கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் என் அப்பா அம்மாவோடு இருந்தோம்.

வீட்டுக்காரர் பலசரக்குக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் பெரியவர். நானா என்று கூப்பிடுவோம். கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. வாடகை உடன்படிக்கையைச் சிங்களத்தில் அடித்துக் கடை மேசையில் தயாராக வைத்திருந்தார். எனக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்க வராது. பேனாவைக் கையில் எடுத்துவிட்டேன். மனைவி தாளைத் தன் பக்கம் இழுத்து முதல் வரியிலிருந்து வாசித்தாள். யார் யாருக்கோ எத்தனையோ உடன்படிக்கை அடித்தவள், தன் பெயர் போட்ட ஒன்றை அன்றுதான் பார்த்தாள்.

முதல் ஐந்து நிபந்தனைகளுக்கும் தலையாட்டினாள். ஆறாவதில் நின்றாள். வீட்டுக்காரர் எந்த நேரமும் உள்ளே வந்து வீட்டைப் பார்வையிடலாம் என்று இருந்தது. ஒரு நாள் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் வர வேண்டும் என்று அதை மாற்றச் சொன்னாள். தீ, தண்ணீர்க்குழாய் உடைப்பு மாதிரி அவசரம் என்றால் வேறு.

"இது என்ட வீடுதானே, மகள்?" என்றார் நானா. கோபமில்லை, ஆச்சரியம்தான்.

"உங்களுதுதாங்க நானா. ஆனா நாங்க குடியிருக்கிற வரைக்கும் கேட்டுட்டுத்தானே வரணும்."

மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். வீடு கைவிட்டுப் போகும் என்ற பயம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு எங்கள் லயம் ஞாபகம் வந்தது. அப்பா பின்பக்கம் தகரம் போட்டு, சமைக்க ஒரு குசினி இறக்கியிருந்தார். அனுமதி இல்லாமல் கட்டியது என்று தோட்டத்து உத்தியோகத்தர் ஒருவர் சப்பாத்துக் காலோடு அடுப்படி வரைக்கும் வந்து அளந்தார். கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வந்த அம்மா அப்போது சேலை மாற்றிக்கொண்டிருந்தாள். கதவுக்குப் பின்னால் ஒடுங்கி நின்றாள். வெளியே போங்கள் என்று சொல்லலாம் என்பதே அப்பாவுக்கும் எனக்கும் தோன்றவில்லை.

நானா எழுந்து போய், கடைக்கு வந்தவருக்குப் பருப்பு நிறுத்துக் கொடுத்தார். திரும்பி வந்து ஆறாவது வரியை வெட்டி, அவள் சொன்னதைத் தன் கையாலேயே எழுதினார். பக்கத்தில் மூவரும் சிறு கையெழுத்து வைத்தோம். அவள் கால் மேலிருந்த என் காலை எடுத்துக்கொண்டேன்.

மழைக்காலத்தில் சமையலறைச் சுவரில் ஓதம் ஏறியது. நானா முதல் நாளே போன் எடுத்து, மறுநாள் பத்து மணிக்குச் சுவர் பூசும் மேசனோடு வரலாமா என்று மனைவியிடம் கேட்டார். வந்தபோது செருப்பைப் படியில் விட்டுக் கதவைத் தட்டினார். இவள் வாங்க என்று சொன்ன பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார். எங்களைத் தேடி வந்த ஒருவர் அப்படி நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வருடம் முடிந்து உடன்படிக்கையைப் புதுப்பிக்க நேரம் வந்தது. இந்த முறை நீங்களே அடித்து வாருங்கள் என்று நானா அவளிடம் சொன்னார். பின்தெருவில் இன்னொரு வீட்டையும் வாடகைக்கு விடப் போகிறாராம், அதற்கும் ஒன்று வேண்டுமாம், தமிழிலும் சிங்களத்திலும்.

"அங்கயும் ஆறாவத இப்படியே போடவா, நானா?"

"போடுங்க மகள். இனி எல்லாத்துக்கும் அதுதான்."

அன்றைக்கு ஆட்டோ ஸ்டாண்டில் இதை எல்லோரிடமும் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.