கல்லுக்குக் கல் நாற்பது நொடி

பிள்ளைகளா, நம் பழைய சின்னக் கார் அறுபதுக்கு மேல் போகாது என்று எத்தனையோ நாள் கேலி பேசியிருக்கிறீர்கள். அது தொண்ணூறில் போன வண்டி. அந்த வேகத்தைக் கணக்குப் பார்த்தவனும் நான்தான்.

அதன் பழைய எஞ்சின் இறுகிப் போனபோது, கும்பகோணத்தில் பழைய இரும்புக்கு உடைக்க வந்த ஒரு வேனின் எஞ்சினை வாங்கி நானே மாட்டினேன். நான் குத்தாலம் பக்கம் பம்ப்செட் பழுது பார்க்கிறவன். மூன்று குதிரைச்சக்தி மோட்டாரைக் கழற்றிவிட்டு ஐந்து போட்டால் தண்ணீர் கூடுதலாக வரும். காரையும் அப்படித்தான் நினைத்தேன்.

அப்போதுதான் உங்கள் மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு, சிங்கப்பூரில் வேலை கிடைத்தது. திருச்சியில் விமானம் ஏற வேண்டும்.

“மாமா, எத்தன மணிக்குக் கெளம்பணும்? கரெக்டா சொல்லுங்க. இத வுட்டா எனக்கு வேலை இல்ல” என்று என்னிடம் கேட்டார்.

மறுநாள் விடிந்ததும் தனியாக ஓட்டிப் பார்த்தேன். கையில் கடிகாரம். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு நாற்பது நொடி. அப்படியானால் மணிக்குத் தொண்ணூறு. ஊர்களுக்குள் மெதுவாகப் போவதையும் சேர்த்து, “ரெண்டு மணி நேரம் போதும் மாப்ள” என்றேன்.

உங்கள் அம்மா சிரித்தாள். “வெறும் வண்டிய ஓட்டிப் பாத்துட்டு வந்து சொல்றீங்க. நாங்கல்லாம் என்ன காத்தா?”

அவள் சொன்னதற்காகப் பத்து நிமிடம் கூட்டினேன்.

புறப்பட்ட அன்று பின்சீட்டில் நீங்களும் அம்மாவும், மேலே இரண்டு பெட்டிகள். வண்டி இழுக்கவில்லை. பாபநாசம் தாண்டும்போது இருபது நிமிடம் பிந்திவிட்டோம். மாமா கடிகாரத்தைப் பார்ப்பதும் வெளியே பார்ப்பதுமாக இருந்தார். நான் மிதித்தேன். வேகம் ஏற ஏற ஸ்டியரிங் கைக்குள் லேசாகிக்கொண்டே வந்தது. சக்கரத்தின் பிடி விடுகிறது என்று அப்போதே தெரிந்தது. காலை எடுக்கவில்லை.

பங்குனி மாதம். வண்டிகள் ஏறி மிதித்தால் உளுந்து உதிரும் என்று ரோட்டில் செடியைப் பரப்பியிருந்தார்கள். நடுவில் ஒரு அம்மாள் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தார். பிரேக்கை அழுத்தினேன். காய்ந்த செடிமேல் வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பிரேக் அந்தப் பழைய சின்ன எஞ்சினுக்கு உள்ளதுதான். ஓடுவதை அளந்தேனே தவிர, நிற்பதை ஒரு தடவைகூட அளக்கவில்லை.

அவர் துடைப்பத்தைப் போட்டுவிட்டுத் தாவினார். வண்டி வாய்க்கால் மதகுச் சுவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது.

“யோவ்! உளுந்த ஒடைக்கத்தான் ரோட்டுல போட்டோம், ஆள ஒடைக்கவா?”

திரும்பிப் பார்த்தேன். சின்னவன் தூங்கிக்கொண்டிருந்தான். பெரியவள் என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தாள்.

மாமாதான் பேசினார். “மெதுவாவே போங்க மாமா. ஏறினா ஏறுறேன், இல்லன்னா போவுது.”

நாற்பதிலேயே போனோம். எதிரே வந்த ஒவ்வொரு லாரிக்கும் பயந்தேன். ஓடுகிற ஒவ்வொரு நிமிடத்துக்கும் பயந்தேன். விமான நிலையத்தில் கதவை மூடுகிற நேரத்தில் மாமாவை உள்ளே விட்டார்கள். திரும்பிக் கையசைக்கக்கூட அவருக்கு நேரமில்லை.

மறுநாள் நீங்கள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு கருவேலங்கட்டையை அறுத்து, ஓட்டை போட்டு, ஆக்சிலேட்டருக்கு அடியில் போல்ட் வைத்து முடுக்கினேன். உட்கார்ந்து மிதித்துப் பார்த்தேன். அறுபதைத் தாண்டாதபடி பெடல் பாதியில் நின்றது. கால்மிதி விரிப்பை அதன்மேல் இழுத்து மூடினேன்.