அவன் இறங்கும் படம்

தென்னை மரத்தடியில் ஒரு செம்மஞ்சள் கையுறை கிடந்தது. மகளுக்காக நான் தைத்தது. காயப்போட்ட துணியை எடுக்க வீட்டின் பின்பக்கம் போயிருந்தேன். பக்கத்தில் எங்கோ விளையாடுகிறாள் என்று நினைத்துக் குனிந்து எடுத்தேன். அதன் பிறகுதான் அண்ணாந்து பார்த்தேன்.

எங்கள் தோப்பு கோபாலபுரம் செக்போஸ்டுக்குக் கேரளப் பக்கம். வீட்டை ஒட்டிய மரங்களைக் கள்ளுக்கு விட்டிருக்கிறோம். கள் இறக்குபவர் தினமும் மூன்று வேளை ஏற வேண்டும் என்பதால், உரித்த தேங்காய் மட்டைகளை அடியிலிருந்து பாளை வரைக்கும் மரத்தோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருப்பார். அவைதான் அவருக்குப் படி. அடுக்களைக் கத்தியைக் கை எட்டாத இடத்தில் வைப்பவள் நான். சொல்லிச் சொல்லிக் கிணற்றுக்குக் கம்பி வலை போட வைத்தவளும் நான்தான். அந்த மட்டைகளைத் தினமும் பார்த்தேன். ஒரு குழந்தைக்கு அவை ஏணியாகத் தெரியும் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அவளுக்கு ஏழு வயது. எங்கள் ஓட்டுக் கூரைக்கும் மேலே, மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஏறச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். நான் பள்ளியில் படித்தபோது, பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டுக் கடையில் அப்பாவை நச்சரித்து வாங்கிய படக்கதைகளின் வீரன். சாம்பல் நிறக் கோட்டு, செம்மஞ்சள் கையுறை. அவன் பறக்க மாட்டான், யாரையும் அடிக்கவும் மாட்டான். ஏறுவான். தீப்பிடித்த கட்டடம், இடிந்த கோபுரம், எதுவானாலும் கையுறையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கையாக வைத்து ஏறுவான். அதனால்தான் அவனை எனக்குப் பிடித்தது. கல்யாணமாகி வந்தபோது அந்தப் புத்தகங்களும் என் பெட்டியில் வந்தன. மகள் பள்ளியில் மலையாளம் படிக்கிறாள். தமிழ் விட்டுப்போகக் கூடாதே என்று அவற்றை வைத்துத்தான் எழுத்துக் கூட்டச் சொல்லிக் கொடுத்தேன். நல்லதுதான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

கத்தினால் திடுக்கிட்டுக் கையை விட்டுவிடுவாள். சோறு உண்ணக் கூப்பிடுகிற குரலை வரவழைத்துக்கொண்டு, "கண்ணு" என்றேன்.

"அம்மா, ஒரு கையொற உழுந்துருச்சு."

"நா எடுத்துட்டேன் சாமி. நீ மரத்தக் கெட்டியாப் புடிச்சுக்க."

"இப்ப ஒரு கையிலதா சக்தி இருக்குது."

பேச்சுச் சத்தம் கேட்டு என் கணவரின் தங்கை வெளியே வந்தாள். என்னை அவள் நங்கை என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கத்தில் அண்ணியை அப்படித்தான் அழைப்பார்கள்.

"ஐயோ நங்கை! நல்லாப் படிச்சுக் குடுத்தீங்க போங்க! பொஸ்தவமும் குடுத்து, கையொறையும் தெச்சுக் குடுத்தாச்சு. இனி ஒரு பானையும் குடுங்க, கள்ளும் எறக்கிட்டு வரட்டும்!"

"சத்தம் போடாத அம்மிணி. கள்ளெறக்கறவருக்குப் போனப் போடு."

போட்டாள். "வாரேங்கறாரு. வாய்க்காலுக்கு அக்கட்டால இருக்கறாராம். அதுவரைக்கும் புள்ளய அசையாம இருக்கச் சொல்றாரு."

அசையாமல் இருக்க அவளால் முடியவில்லை. ஒரு காலை எடுத்துக் கீழே துழாவினாள். ஓர் ஆளின் எட்டுக்கு ஏற்றபடி கட்டிய மட்டைகள். ஏறும்போது கையால் இழுத்து உடம்பைத் தூக்கிவிட்டாள். இறங்கும்போது கால் எட்டவில்லை, மட்டையும் கண்ணுக்குத் தெரியவில்லை. காலை மறுபடி இழுத்துக்கொண்டாள்.

"எனக்கு எறங்கத் தெரியல. எறங்கறது பொஸ்தவத்துல இல்லம்மா."

உண்மைதான். எல்லாப் பக்கமும் எனக்கு மனப்பாடம். ஒரு படத்தில் உச்சி ஜன்னலில் குழந்தையைத் தூக்கித் தோளில் போடுவான். அடுத்த படத்தில் தெருவில் நிற்பான், சுற்றிலும் கூட்டம் கை தட்டும். அவன் இறங்கியதை யாரும் வரையவில்லை. இத்தனை வருஷம் அவனைக் கொண்டாடிய எனக்கு அது உறைக்கவே இல்லை.

காத்திருப்பதா, ஏறுவதா? நான் சறுக்கினால் பார்த்துப் பயந்து அவளும் விழுவாள். காத்திருந்து அவள் விழுந்தால்? நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் மட்டையில் கால் வைத்தேன். அதற்குமுன் ஒரு கொய்யா மரத்தில்கூட நான் ஏறியதில்லை.

"இருக்குது கண்ணு. நீதா பாக்கல" என்றேன், அவள் கவனம் காலுக்குப் போகாமல் இருக்க.

"எந்தப் பொஸ்தவத்துல?"

"எல்லாத்துலயும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவால வெள்ளையா ஒரு கோடு இருக்குதல்ல? அங்கதா எறங்கறான்."

"அதுல ஒண்ணுமே வரையலயே."

"ரொம்ப மெதுவா எறங்குவான். பாக்கறவங்களுக்குச் சலிச்சுப் போகும்னு வரையறவரு உட்டுட்டாரு."

"அவங் காலுக்கு மட்ட எங்க இருக்குதுன்னு ஆரு சொல்லுவாங்க?"

"அவங்கம்மா."

"அவனுக்குத்தா அம்மாவே இல்லியே! மொதப் பொஸ்தவத்துலயே செத்துப் போயிட்டாங்க. உனக்கு மறந்து போச்சா?"

"இந்த நேரத்துல தப்புக் கண்டுபுடிக்கறா பாரு!" என்றாள் கீழே நின்றவள். அழுதுகொண்டே சொன்னாள்.

"மறக்கல" என்றேன். "அவனுக்கு ஆரும் இல்ல. அதுனால அவன் பாடு கஷ்டம். உனக்கு நா இருக்கறேன். காலக் குடு."

பேசிக்கொண்டே ஏறி அவள் காலுக்குக் கீழே வந்திருந்தேன். கையை நீட்டினேன். கணுக்கால் வியர்த்துச் சில்லென்று இருந்தது. பிடித்துக் கீழே இழுத்தேன். வர மறுத்தது. பிறகு வந்தது. மட்டையின் மேல் வைத்து அழுத்தினேன். "வெச்சாச்சு. அடுத்தது."

நான் ஒரு படி இறங்குவேன், பிறகு அவள் காலை இறக்குவேன். என் கால் எங்கே போகிறது என்று எனக்கும் தெரியவில்லை. பெருவிரலால் தடவித் தடவித்தான் கண்டுபிடித்தேன். ஓரிடத்தில் மட்டை என் பாதத்தின் கீழ் லேசாகப் புரண்டது. மரத்தோடு முகத்தை ஒட்டிக்கொண்டேன். கயிறு தாங்கியது. அவளிடம் சொல்லவில்லை. "அடுத்தது" என்று மட்டும் சொன்னேன்.

கீழே வந்ததும் அத்தைக்காரி அவள் முதுகில் ஒன்று வைத்தாள். உடனே வாரி அணைத்துக்கொண்டாள். நான் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடி வந்த கள் இறக்குபவர் எங்களையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "ஏனுங்க, ஆரு எறக்குனது?"

"எங்க நங்கைதானுங்க."

"அப்ப நாளைக்கு எனக்கு லீவுங்களா?"

மகள் மட்டும் சிரித்தாள். அவர் கத்தியை எடுத்து, வீட்டுப் பக்கத்து மரங்களில் தம் தலை உயரம் வரைக்கும் இருந்த மட்டைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போட்டார். "இனி ஒரு சின்ன ஏணி கொண்டாந்துக்கறனுங்க. போறப்ப எடுத்துட்டுப் போயிருவேன்" என்றார்.

சாயங்காலம் மகள் புத்தகம் கேட்டாள். அலமாரியின் மேல்தட்டுக்கு ஏற்றியிருந்தேன். கொடுப்பதா வேண்டாமா என்று நின்றுவிட்டுக் கொடுத்தேன். அவள் படிக்கவில்லை. இரண்டு படங்களுக்கு நடுவே இருந்த வெள்ளைக் கோட்டில் விரலை வைத்து, மேலிருந்து கீழே மெதுவாக இழுத்தாள்.

"இங்க அவன் அழுதிருப்பானாம்மா?"

"அழுதிருப்பான்" என்றேன்.

கையுறை இரண்டும் என்னிடம்தான் இருக்கின்றன. அவள் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் கொடுப்பேனா என்று எனக்குத் தெரியவில்லை.